ஒரு ராத்திரிக்கு டிரெய்லரைக் கழற்ற வேண்டுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டல்லாஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு, உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நடுவில் அமரில்லோவிலோ ஆல்புகெர்க்கியிலோ ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க ஓட்டிய அசதி, பிள்ளைகளுக்குப் பசி, வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும்: டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி நிறுத்துவதா, பூட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்குவதா?

காலையில் எழுந்ததும் கிளம்பப் போகிறீர்கள், இடையில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கும் போக வேண்டியதில்லை, தரை ஓரளவு சமமாக இருக்கிறது என்றால் கழற்றாதீர்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஏழெட்டு வேலைகளைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். அசந்துபோன மனிதன் இருட்டில் ஒன்றை விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஆனால் கழற்றாமல் விட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. ஆபத்து பெரும்பாலும் இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கிறது. டிரெய்லர் பூட்டியிருக்கும், ஆனால் அதன் முன்னால் உள்ள தூக்குகாலை, அதாவது ஜாக்கை, இறக்கிப் பாதி பாரத்தைத் தூக்கியிருப்பார்கள். மின்கம்பி செருகியே இருக்கும், பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். கழற்றுவது என்று முடிவு செய்தால் முழுசாகக் கழற்றுங்கள். வேண்டாம் என்றால் வண்டியும் டிரெய்லரும் ஒரே உடம்பாக நிற்கட்டும்.

பூட்டியபடி ஜாக்கை ஏற்றிச் சமம் பார்ப்பது

இதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, படுத்தால் தலைக்கு ரத்தம் இறங்குவதுபோல் இருக்கிறது. சரி, முன்னால் இருக்கும் ஜாக்கைக் கீழே இறக்கி, மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று தோன்றும். டிரெய்லர் மூக்கில் உள்ள கப்ளர் என்னும் கவ்வி, வண்டியின் பின்னால் உள்ள ஹிட்ச் பால் என்னும் உருண்டையில் பூட்டியிருக்கிறது அல்லவா? டிரெய்லரின் மூக்கு உயரும்போது வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து உயரும்.

பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் பார்க்கிங் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டியாக இருந்தால், பார்க் கியர் பிடிப்பதும் அதே பின்சக்கரங்களைத்தான். அந்தச் சக்கரங்களின் மேல் உள்ள பாரத்தை ஜாக்கால் தூக்கிவிட்டால் தரையில் அவற்றுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். வண்டியைப் பிடித்து வைத்திருந்த இரண்டு காவலும் ஒரே நேரத்தில் பலவீனமாகிவிடும். லேசான சரிவு இருந்தால்கூட வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து நகரலாம், ஜாக்கின் கால் வளைந்து போகலாம். அப்போது டிரெய்லருக்குள் யாராவது படுத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

முன்பின் வித்தியாசம் லேசாக இருந்தால் அப்படியே படுத்துக்கொள்ளலாம், தலையை மேட்டுப் பக்கம் வைத்தால் போதும். பொறுக்க முடியாத அளவுக்கு இருந்தால் வேறு இடம் பாருங்கள், அல்லது முறையாகக் கழற்றிவிட்டு ஜாக்கால் சரிசெய்யுங்கள். இடதுபுறம் வலதுபுறம் சமமில்லை என்றால் அதற்குக் கழற்றவே வேண்டாம். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தடியில் பிளாஸ்டிக் கட்டைகளைப் போட்டு, வண்டியை மெதுவாக நகர்த்தி அதன் மேல் ஏற்றினால் ஆயிற்று. கழற்றப் போகிறவர்களும் இந்தப் பக்கவாட்டுச் சமத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கழற்றிய பிறகு ஜாக்கால் மூக்கை ஏற்றி இறக்கத்தான் முடியும், பக்கவாட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

சமம் பார்ப்பது நம் தூக்கத்துக்காக மட்டும் இல்லை. பழைய வகை பிரிட்ஜ், அதாவது கேஸிலும் கரண்டிலும் ஓடும் அப்சார்ப்ஷன் பிரிட்ஜ், ரொம்பச் சாய்ந்து நின்றபடி ஓடினால் அதன் குளிரூட்டும் பாகமே கெட்டுவிடும். பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. இப்போது வரும் டிரெய்லர்களில் கம்ப்ரஸர் பிரிட்ஜ் இருந்தால் இந்தக் கவலை குறைவு.

மின்கம்பியை அப்படியே விடுவது

வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முள் பிளக்கில் விளக்குக்கும் பிரேக்குக்கும் மட்டுமல்ல, டிரெய்லர் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் ஒரு கம்பி உண்டு. சில வண்டிகளில் சாவியை அணைத்ததும் இந்தக் கம்பி தானாகத் துண்டிக்கப்படும். சிலவற்றில் துண்டிக்கப்படாது. அப்படிப்பட்ட வண்டியில் பிளக்கை எடுக்காமல் தூங்கிவிட்டால், டிரெய்லரின் விளக்கு, ஹீட்டர் விசிறி, பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து வண்டியின் பேட்டரியையும் உறிஞ்சும். காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வரும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால், பூட்டியபடி தங்கும் இரவுகளில் பிளக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். அரை நிமிட வேலை. காலையில் மறக்காமல் இருக்க, பிளக்கைக் கண்ணில் படும்படி டிரெய்லர் மூக்கின் மேல் தொங்கவிடுங்கள். செருகாமல் கிளம்பினால் டிரெய்லருக்குப் பிரேக்கும் இருக்காது, பின்விளக்கும் எரியாது.

அந்த இடத்திலேயே மெல்லிய ஒயர் ஒன்று தனியாகத் தொங்கும். அதன் முனையில் ஒரு சின்ன பின். ஓடும்போது டிரெய்லர் வண்டியைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனால், இந்தப் பின் உருவிக்கொண்டு டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும். ராத்திரி நிறுத்தி வைப்பதற்கு இது நல்ல பிரேக் ஆயிற்றே என்று சிலர் இதை உருவிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுத்தே பிரேக்கைப் பிடிக்கிறது. பேட்டரி தீர்ந்ததும் பிரேக்கும் விட்டுவிடும். எலக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லர்களுக்கு நிறுத்தி வைக்கும் பிரேக் என்று தனியாக ஒன்று கிடையாது. சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டைதான் அதற்குப் பிரேக்.

கழற்றும் வரிசையை மாற்றுவது

சில நேரம் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு மூன்று நாள் தங்கல், சாப்பாடு வாங்க ஊருக்குள் போக வேண்டும், அல்லது இடம் நீளம் போதாமல் வண்டியின் மூக்கு பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது வரிசைதான் உயிர்.

முதலில் முட்டுக்கட்டை. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னாலும் பின்னாலும், இடைவெளி இல்லாமல் இறுக்கமாக. இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே விரித்து முறுக்கும் கருவி டிரெய்லர் ஆடாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் முட்டுக்கட்டைக்கு மாற்று ஆகாது. அப்புறம் ஜாக்கின் காலுக்கு அடியில் ஒரு பலகை. வெயில் காலத்தில் தார்த்தரை இளகி, பலகை இல்லாவிட்டால் கால் புதைந்துவிடும்.

அடுத்து, பாரம் பகிரும் ஹிட்ச் இருந்தால் அதன் ஸ்பிரிங் பார்கள். இங்கே அவசரப்பட்டால் கை போகும். 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,700 கிலோ டிரெய்லரின் மூக்குப் பாரமே 600 முதல் 900 பவுண்டு வரை இருக்கும். அந்தப் பாரத்தை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தருவதற்காக இரண்டு பார்களையும் வில்லாக வளைத்துச் சங்கிலியால் இழுத்துக் கட்டியிருக்கிறோம். அந்த இறுக்கத்தோடு சங்கிலியின் பூட்டை நெம்பினால், நெம்பும் கம்பி முகத்தையோ முழங்கையையோ பார்த்து அடிக்கும். கப்ளர் பூட்டியிருக்கும்போதே ஜாக்கால் மூக்கை ஏற்றுங்கள். வண்டியின் பின்பக்கமும் டிரெய்லர் மூக்கும் சேர்ந்து உயர உயர, சங்கிலி தளர்வது கண்ணுக்கே தெரியும். கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகு பூட்டைத் திறந்தால் ஒரு விரலின் பலம் போதும். பூட்டியபடி ஜாக்கை ஏற்றக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. இங்கே சக்கரத்துக்கு முட்டு வைத்தாயிற்று, உள்ளே யாரும் இல்லை, இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை.

பார்களை எடுத்த பிறகு பாரத்தைத் திரும்ப இறக்கி, கப்ளரின் தாழைத் திறந்து, பாலைவிட்டு மேலே வரும்வரை ஜாக்கால் மூக்கை ஏற்றுங்கள். தாழ் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் சுத்தியலைத் தேட வேண்டாம். டிரெய்லர் பாலின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வண்டியை ஓர் அங்குலம் முன்னே பின்னே நகர்த்தினால் விட்டுவிடும்.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். கப்ளர் பாலைவிட்டு மேலே வந்த நொடியில்தான் டிரெய்லர் முழுவதும் முட்டுக்கட்டையை நம்பி நிற்கிறது. கட்டை சரியாக வைக்கப்படவில்லை என்றால் அப்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் சங்கிலி மாட்டியிருந்தால் டிரெய்லர் ஓரடி நகர்ந்து நின்றுவிடும். கழற்றியிருந்தால் சரிவின் அடிவரை போகும். இந்த வேலை நடக்கும்போது டிரெய்லருக்குள்ளும், அதற்கும் வண்டிக்கும் நடுவிலும் குழந்தைகள் இருக்கவே கூடாது.

தங்கும் இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது

டிரெய்லர்கள் தங்கும் கேம்ப்கிரவுண்டில் பதிவு செய்யும்போதே புல்-த்ரூ இடம் கேளுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகலாம், ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். ஆனால் நீளத்தைக் கேட்காமல் பதிவு செய்தால் பிரயோஜனம் இல்லை. டிரெய்லரின் நீளத்தோடு வண்டியின் 20 அடியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் தங்குவது அமெரிக்காவில் பழைய வழக்கம். ஆனால் எல்லாக் கடையும் அனுமதிப்பதில்லை, மேனேஜரிடம் கேட்டுவிட்டுத்தான் தங்க வேண்டும். அங்கே கழற்றுவதும், ஜாக் இறக்குவதும், பக்கச் சுவரை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டு உட்காருவதும் மரியாதை இல்லை. அப்படிச் செய்தவர்களால்தான் பல இடங்களில் இந்த அனுமதியே போனது என்று நம்புகிறேன். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சாஸில் 24 மணி நேரம் நிற்கலாம், கலிபோர்னியாவில் 8 மணி நேரம், ஃப்ளோரிடாவில் 3 மணி நேரம்தான். இப்படிப்பட்ட இடங்களில் பூட்டியபடி தங்குவதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. நடுராத்திரியில் யாராவது வந்து கிளம்பச் சொன்னாலோ, சுற்றுப்புறம் மனசுக்குச் சரியாகப் படாவிட்டாலோ, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் போதும். கழற்றி நிற்கும் டிரெய்லரைத் திருடுவதும் சுலபம். அதனால் கழற்றினால் கப்ளருக்குப் பூட்டுப் போடாமல் தூங்கப் போகாதீர்கள்.

இதையே டொர்னேடோ என்னும் சுழல்காற்றுக்கும் சிலர் சொல்வார்கள்: பூட்டியிருந்தால் டிரெய்லரோடு ஓடிவிடலாம் என்று. ஓக்லஹோமா, கேன்சஸ் பக்கம் வசந்த காலத்தில் போகிறவர்கள் இந்த நினைப்பை விட்டுவிடுங்கள். டொர்னேடோ எச்சரிக்கைக்குப் பிறகு கிடைப்பது சில நிமிடங்கள்தான். டிரெய்லர் பூட்டியிருந்தாலும் கழற்றியிருந்தாலும் அதைவிட்டு இறங்கி, கேம்ப்கிரவுண்டின் பாதுகாப்பு அறைக்கோ உறுதியான கட்டடத்துக்கோ ஓடுங்கள். வந்து சேர்ந்ததுமே அது எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பும் அவசரம்

கழற்றாமல் தங்கியவர்கள்தான் காலையில் அதிகம் ஏமாறுகிறார்கள். எதையும் கழற்றவில்லையே, அதனால் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம். ராத்திரி உள்ளே நடக்கும்போது ஆடுகிறதே என்று பின்பக்க ஸ்டெபிலைசர் ஜாக்குகளை லேசாக இறக்கியிருப்பார்கள். அது தப்பில்லை, அவை தாங்குவதற்குத்தான், தூக்குவதற்கு இல்லை என்று தெரிந்து இறக்கினால் சரி. ஆனால் அவற்றை ஏற்றாமல் கிளம்பினால் முதல் மேட்டிலேயே வளைந்துவிடும். மின்சாரக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் கம்பத்தில் மாட்டியபடியே கிளம்புகிறவர்களும் உண்டு. இதற்கு எளிய வழி: ராத்திரி ஜாக்கை இறக்கியதும் அதைச் சுற்றும் கைப்பிடியைக் கொண்டுபோய் ஓட்டுநர் இருக்கையில் போட்டுவிடுங்கள். காலையில் அதை எடுக்காமல் உட்காரவே முடியாது.

கழற்றி மாட்டியவர்களுக்கு ஒரே ஒரு சோதனையை வலியுறுத்துவேன். கப்ளரைப் பாலின் மேல் இறக்கித் தாழ் போட்டு, தாழுக்கான பின்னையும் செருகிய பிறகு, ஜாக்கால் மூக்கைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. கப்ளர் மட்டும் தனியாக மேலே வந்தால், பூட்டியதுபோலத் தெரிந்தது வெறும் தோற்றம்தான். இறக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அப்புறம் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டி, பிரேக் ஒயரைச் சங்கிலியில் இல்லாமல் வண்டியிலேயே தனியாகக் கோத்து, பிளக்கைச் செருகி, ஜாக்கின் காலைத் தரையைவிட்டு முழுக்க மேலே தூக்கிவிட்டு, முட்டுக்கட்டைகளை எடுங்கள். வெளியே போகும் பாதையில் மெதுவாக உருளும்போதே வண்டிக்குள்ளிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தெரிந்தால் நெடுஞ்சாலையில் ஏறலாம்.