மிளகாயும் காரம்தானே டீச்சர்? கற்றல் தரத்தை வாசிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

அடுத்த தவணையில் பயிற்றுப்பணிக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் அறிவியல் எடுத்தேன். எதைக் கற்பிக்க வேண்டும், எப்படி மதிப்பிட வேண்டும் என்று சொல்லும் டி.எஸ்.கே.பி. என்ற கலைத்திட்ட ஆவணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனேன், ஆனால் அதை வாசிக்கும் முறையே வேறு என்று வகுப்பில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

பாடநூலையே தரம் என்று நினைத்துக்கொள்வதுதான் நம்மில் பலரும் செய்யும் பெரிய தவறு. 2017-ல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிய திருத்தப்பட்ட கே.எஸ்.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், தர அடைவு என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும், நடுவில் இருக்கும் கற்றல் தரம்தான் நம் வேலை, பாடநூல் அதற்கு ஒரு வழி மட்டுமே. அதிலும் தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் நம் கண் பாதியிலேயே நின்றுவிடுகிறது. லிட்மஸ் தாளின் நிற மாற்றத்தைக் கொண்டு பொருள்களின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் சோதிப்பர் என்ற வரியில் அமிலம், காரம் என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததுமே நான் சிலைடு தயாரிக்க உட்கார்ந்துவிட்டேன், கடைசியில் இருந்த 'சோதிப்பர்' கண்ணில் படவே இல்லை. வகுப்பில் லிட்மஸ் தாளை நானே நனைத்துக் காட்டினேன், பிள்ளைகள் அட்டவணையைப் பார்த்து எழுதினார்கள், வகுப்பும் அமைதியாக இருந்தது. பாடம் முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: "சோதிச்சது யாரு டீச்சர், நீங்களா, பிள்ளைங்களா?"

நாள் பாடத்திட்டம் எழுதும்போது முதலில் அந்தக் கடைசிச் சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். சோதிப்பர், விளக்குவர், வகைப்படுத்துவர், உருவாக்குவர், எதுவாக இருந்தாலும் அதைப் பிள்ளை செய்ய வேண்டும்.

அந்த அமைதியான வகுப்பின் பலன் மறுநாள் பயிற்சிப் புத்தகத்தில் தெரிந்தது. ஒரு பையன் காரம் என்ற தலைப்பின் கீழ் சவர்க்காரம், மிளகாய், சம்பால் என்று வரிசையாக எழுதியிருந்தான். அவன் மேல் தப்பே இல்லை. வீட்டில் காரம் என்றால் நாக்கு எரிவது, அறிவியலில் அதே சொல் அமிலத்துக்கு எதிரான தன்மையுள்ள பொருளைக் குறிக்கும், இதை நான் சொல்லவே இல்லை. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுப் போவது அடுத்த தவறாகியிருக்கும். ஒரு மிளகாயை நசுக்கித் தண்ணீரில் போட்டு அவனிடமே, காரம் பட்டால் நீலமாகும் சிவப்பு லிட்மஸைக் கொடுத்தேன், கையைக் கண்ணில் வைக்காதே என்று இரண்டு முறை சொல்லிவிட்டு. தாள் சிவப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்போ மிளகாய் வேற காரம், இது வேற காரமா டீச்சர்?" என்றான். அந்தக் கேள்வி என் சிலைடு எதிலிருந்தும் வந்திருக்காது. நம் கலைச்சொற்கள் பலவும் இப்படி வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள்தான், அதனால் பாடத்துக்கு முதல் நாளே அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைக்கு என்ன நினைவு வரும் என்று ஒரு தடவை யோசித்துவிடுங்கள்.

சுவைத்தும் தொட்டும் அறியும் பகுதியிலும் ஒரு குழி இருக்கிறது. அமிலம் புளிக்கும், காரம் கசக்கும் என்று சொல்லிக்கொடுத்தால், கசப்பதெல்லாம் காரம் என்று பிள்ளை திருப்பிப் போட்டுக்கொள்ளும். காப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) கசக்கும், ஆனால் அது லேசான அமிலம். சுவைக்கக் கொடுப்பது சமையலறையில் சாப்பிடும் பொருளாக மட்டும் இருக்கட்டும், சவர்க்காரத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். லிட்மஸ் தீர்ந்துபோனால் கவலை வேண்டாம், வேலியோரத்துச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் வரும் நீல நீர் எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும்.

தோட்டத்துப் பள்ளியில் இருந்துகொண்டு தோட்டத்தை மறப்பதும் தவறுதான். ரப்பர் பாலில் அமிலம் சேர்த்தால் உறையும், அம்மோனியா என்ற காரம் சேர்த்தால் உறையாமல் நிற்கும். பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பாலை உறையவைக்க ஸ்டோரில் போடுகிற ஆசிட்டையே கொண்டுவரவா என்று ஒரு பெற்றோர் அன்பாகக் கேட்டார், வேண்டாம் அண்ணே என்றேன். அது பார்மிக் அமிலம், தோலைச் சுட்டுவிடும். மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் புதிதாக வெட்டிய பாலும் கொஞ்சம் வினிகரும் போதும். ரப்பர் பால் ஒவ்வாத பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த மங்கை வைத்துத்தான் உற்றறிதலையும் ஊகித்தலையும் பிரித்துக் காட்ட முடிந்தது. உற்றறிந்ததை எழுதுங்கள் என்றதும், 'வினிகரில் அமிலம் இருப்பதால் பால் உறைந்தது' என்று பாதி வகுப்பு எழுதியது. உறைந்ததைத்தான் அவர்கள் கண்டார்கள், காரணம் அவர்கள் மனத்தில் தோன்றியது. "இது கண்ணு சொன்னதா, மூளை சொன்னதா?" என்று கேட்கப் பழக்கினேன், பிறகு அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுத் திருத்த ஆரம்பித்தார்கள். உற்றறிதல், ஊகித்தல் போன்ற அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் 12-ஐயும் முதல் தொகுதியிலேயே நடத்தி முடித்தாகிவிட்டது என்று மூடி வைத்துவிடாதீர்கள், வருடம் முழுக்க எல்லாத் தொகுதியிலும் அவை வரவேண்டும்.

ஐந்தாம் ஆண்டில் விதை பரவல். வெடித்துப் பரவும் விதைக்கு வெளிநாட்டுக் காணொளி ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். பள்ளிக்குப் பின்னாலேயே பால்மரக்காடு, அதாவது ரப்பர் மரக்காடு. தோட்டத்தில் பாதி செம்பனை ஆகிவிட்டாலும், காய் வெடித்துத் தகரக் கூரையில் விழும் சத்தம் அங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்து நண்பன் கையில் சூடு வைக்கும் விளையாட்டும் தெரியும். காணொளியை விட்டுவிட்டு, விழுந்து கிடந்த ஓடுகளைப் பொறுக்கிவரச் சொன்னேன். மூன்று அறை, அறைக்கு ஒரு விதை, தாய்மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி விழுந்திருக்கிறது என்று அளந்தார்கள். பக்கத்துக் குவாலா கங்சாரில் 1877-ல் ஒன்பது ரப்பர் கன்றுகள் நட்ட கதையையும் அங்கேயே சொன்னேன். காற்று, நீர், விலங்கு, வெடிப்பு என நாலையும் ஒரே பாடத்தில் அடைக்கப் பார்த்தேன், அது நடக்கவில்லை. நேரம் போதாது என்று தெரிந்தால் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

அப்புறம் அடைவுநிலை, அதாவது மூன்றாம் பத்தியான தர அடைவில் வரும் படிகள். ஒன்று முதல் ஆறு வரை இருப்பதைப் புள்ளியாக மாற்றி, 80 எடுத்தால் ஆறு என்று போடுவதை நிறையப் பேரிடம் பார்த்தேன். ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-லேயே அகற்றப்பட்டுவிட்டது, ஆனாலும் அந்தக் கணக்கு நம் கையை விட்டுப் போகவில்லை. நினைவுகூர்தலில் தொடங்கி, புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல் என்று ஏறி, புதிதாக உருவாக்குதலில் முடிகிற படிகள் அவை. சோதனைத் தாளில் எல்லாம் சரியாக எழுதிய பிள்ளை மனப்பாடம் மட்டும் செய்திருக்கலாம். என் வகுப்பில் எழுதவே தடுமாறும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள், வாயும் திறக்க மாட்டாள். அவளிடம் ஏழு புட்டிகளையும் லிட்மஸ் தாளையும் கொடுத்தேன். ஆறைச் சரியாகப் பிரித்து வைத்துவிட்டு, ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அது வெறும் தண்ணீர். எந்தப் பக்கமும் வைக்காமல் நடுவில் வைத்தாள். எழுத்துச் சோதனையை மட்டும் பார்த்திருந்தால் அவளுக்கு ஒன்றுதான் போட்டிருப்பேன். அன்று பதிவேட்டில் மூன்று போட்டு, அந்தப் புட்டியை அவள் எங்கே வைத்தாள் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தேன்.