பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதி

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு–மிகைச் செயல்பாட்டுக் கோளாறு, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் போனபோது பதினோரு பக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கவனம் நிற்கவில்லை, வைத்த இடம் மறந்துபோகிறது என்று சொல்லி வந்தவளிடம் பதினோரு பக்கம்! பத்திரமாக ஓரிடத்தில் வைத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பழைய காலண்டருக்குள் அகப்பட்டது. பெயர் எழுதியிருந்தேன். பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதியிருந்தேன். அவ்வளவுதான். அப்போது எனக்கு வயது 41.

ஆகவே, படிவத்தோடு தனியாக உட்காராதீர்கள். என் அக்கா கேள்வியைப் படித்தாள், நான் வாயால் சொன்னேன், அவளே எழுதினாள். ஒரே மாலையில் முடிந்தது.

அதற்கும் முன்னால், முன்பதிவு செய்யும்போதே ஒன்றைக் கேளுங்கள்: "பெரியவர்களுக்கும் இந்த மதிப்பீடு செய்கிறீர்களா?" நான் கேட்கவில்லை. நான்கு மாதம் காத்திருந்து போனபிறகு, குழந்தைகளை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். யாராவது வராமல் போனால் அந்த நேரத்துக்கு உங்களைக் கூப்பிட முடியுமா என்றும் கேட்டுவையுங்கள். பேசியவர் பெயர், தேதி இரண்டையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். "நினைவில் இருக்கும்" என்ற நம்பிக்கைதான் நம்மை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அடுத்து, எதிரே இருப்பவர். "பட்டம் வாங்கியிருக்கிறீர்கள், வேலையில் இருக்கிறீர்கள், இது சின்னப் பிள்ளைகளுக்கு வருவதல்லவா?" என்றார் ஒரு மருத்துவர். வாதம் செய்து பயனில்லை, சம்பவங்களைக் கொண்டுபோங்கள். 'மறதி அதிகம்' என்பது யாருக்கும் பொருந்தும். 'கையில் பணம் இருந்தும் ஆறு மாதத்தில் மூன்று முறை மின்கட்டணத்தைக் கட்டத் தவறினேன்' என்பது உங்களுடையது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டின்படி, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளிலோ, மிகைச் செயல்பாட்டுக்கான ஒன்பதிலோ குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். உங்கள் சம்பவங்களை இந்த வரிசையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே தாள் போதும், இரண்டாவது தொலைந்துவிடும்.

அந்த 12 வயதுதான் பெரிய கண்டம். என் வகுப்பில் ஓடியாடிய பையன்கள் ஆசிரியர் கண்ணில் பட்டார்கள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சமர்த்து என்றார்கள். அம்மாவிடம் "சின்ன வயதில் எனக்கு ஏதாவது பிரச்சினை இருந்ததா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "என் வளர்ப்பில் என்ன குறை?" என்றாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சில நாள் கழித்து, "பள்ளிக்கூடத்தில் நான் எதை அதிகம் தொலைத்தேன், அம்மா?" என்றேன். சிரித்துவிட்டாள். ஒரே வருடத்தில் நான்கு குடை. ஒரு நாள் புத்தகப் பையே இல்லாமல் வீடு திரும்பினேனாம். பரண்மேல் இருந்த மதிப்பெண் அட்டைகளையும் அவளே எடுத்துத் தந்தாள். மூன்று வகுப்புகளில், மூன்று ஆசிரியர் கையெழுத்தில், ஒரே குறிப்பு: 'திறமை உண்டு, கவனம் போதாது.' பெற்றோர் இல்லையென்றால் உடன்பிறந்தவரையோ பழைய தோழியையோ கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை எழுதினால் கோபப்படாதீர்கள். தைராய்டு கோளாறு, தூக்கக் குறைபாடு, பதற்றம், மனச்சோர்வு எல்லாமே இதே முகத்தைக் காட்டும். அவற்றையும் பார்த்தாக வேண்டும். ஆனால் ரத்தமோ ஸ்கேனோ ஏடிஎச்டியை உறுதிசெய்யாது. ஸ்கேன் எடுத்தே சொல்லிவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் 18 கேள்விகள் கொண்ட ஏஎஸ்ஆர்எஸ் என்ற, பெரியவர்கள் தாங்களே நிரப்பும் பட்டியலும் முதற்கட்டச் சல்லடைதான், தீர்ப்பல்ல.

மதிப்பீட்டு நாளில் நான் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். "நேரம் தவறாதவர் போலிருக்கிறதே" என்றார் மருத்துவர். மூன்று அலாரம், அக்காவின் இரண்டு அழைப்பு, முதல் நாளே வாசலில் வைத்த பை, எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் பேனாவை எடுத்தார். நீங்கள் எதற்கெல்லாம் முட்டுக்கொடுத்து வாழ்கிறீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அது வெளியே தெரியாது.

அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்றே படமெடுத்து இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். என் அசல் இரண்டாவது வாரமே காணாமல் போனது. மருந்து எழுதி வாங்கப் போன இடத்தில் அக்காவின் கைபேசியில் இருந்ததைத்தான் காட்டினேன்.