விட்டுவிட்டு வரும் பிக்கப், பிரேக் கோளாறுகள்: கண்டுபிடிப்பதில் நடக்கும் தவறுகள்

நெடுஞ்சாலையில் 90-இல் போய்க்கொண்டிருக்கும் டீசல் கார் திடீரென்று இழுக்காது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடும். இன்னொரு வண்டியில் மலை இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை இறங்கும். அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மிதித்தால் பழையபடி நிற்கும். இப்படி வந்து வந்து போகும் கோளாறுகளில், பழுதான பாகத்தின் விலையைவிட அதைத் தேடும் சாக்கில் மாற்றப்பட்ட நல்ல பாகங்களின் விலைதான் பில்லில் அதிகம் இருக்கும்.

முதல் தவறு வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. "பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டு மாட்டுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். பல வண்டிகளில் செக் எஞ்சின் விளக்கு அணையும்தான். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகும். கோளாறு பதிவான நேரத்தில் ஆர்பிஎம் எத்தனை, வேகம் என்ன, கூலன்ட் எத்தனை டிகிரி, எஞ்சின் லோடு எவ்வளவு என்று ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) எடுத்துவைத்த குறிப்பு அது. ஸ்கேனரை மாட்டி, கோடுகளையும் (ஈசியூ பதிவு செய்யும் கோளாறு எண்கள்) ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் படம் எடுத்த பிறகே அழிக்க வேண்டும். ப்ளூடூத்தில் இயங்கும் மலிவு விலை இஎல்எம்327 ஸ்கேனர் எஞ்சின் கோடுகளுக்குப் போதும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கோடுகளைப் பல கார்களில் அது படிக்காது. ஆகவே "கோடு இல்லை" என்று அது காட்டுவதை வைத்து ஏபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்கேனர் காட்டாததை ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும். டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, ஏசி ஓடியதா, மழையா, ஏற்றமா, கிளம்பி எத்தனை நிமிடம் ஆனது, எல்லாம் உதவும். எஞ்சின் அப்படியே அணைந்துபோகும் வண்டிகளில் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது) சிக்னலையோ ஈசியூவுக்குப் போகும் மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். வண்டியின் வேகத்தோடு சேர்ந்து படிப்படியாக இறங்கினால் டீசல் வரத்தைப் பாருங்கள். சூட்டில் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கோடு என்பது பாகத்தின் பெயர் அல்ல

பி0299 வந்தால் டர்போ போச்சு, பி0087 வந்தால் ஹைபிரஷர் பம்ப் போச்சு என்று முடிவெடுப்பதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு. பி0299 சொல்வது, ஈசியூ கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வரவில்லை என்பதை மட்டும். இன்டர்கூலர் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், வாக்யூம் குழாய் வெடித்திருக்கலாம், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் திக்கலாம். பி0087 என்றால் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) பிரஷர் குறைவு. அடைத்த டீசல் பில்டர், வரும் குழாயில் காற்றுக் கசிவு, பிரஷர் ரெகுலேட்டர், ரிட்டர்ன் அதிகம் விடும் இன்ஜெக்டர் எல்லாம் பம்புக்கு முன்னால் பார்க்க வேண்டியவை. பில்டருக்கு அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தாலே தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரிந்துவிடும்.

வண்டியை நிறுத்திவைத்து நியூட்ரலில் ரேஸ் பண்ணிப் பார்ப்பதால் பயனில்லை. லோடு இல்லாத எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசலே போதும். பாதி அடைத்த பில்டரும் அதைக் கொடுத்துவிடும். ஆளில்லாத சாலையில், மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து பெடலை முழுவதும் அழுத்தி 3,500 வரை இழுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து லைவ் டேட்டாவைப் பதிவு செய்யட்டும். ஈசியூ கேட்ட ரெயில் பிரஷரும் கிடைத்த ரெயில் பிரஷரும் ஒரு கிராஃப்; கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் இன்னொன்று. எது முதலில் பிரிகிறதோ அந்தப் பக்கம்தான் வேலை. ஐடிலில் 250 முதல் 350 பார் வரை நிற்கும் பல காமன்ரெயில் எஞ்சின்கள் முழு இழுப்பில் 1,400-ஐத் தாண்டும். மாடலுக்கு மாடல் எண் மாறும் என்பதால், கிராஃபில் கேட்டதுக்கும் கிடைத்ததுக்கும் நடுவே விழும் இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்.

இழுத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அருகே இருக்க வேண்டும். ஊட்டியில் 78 அருகே. அதிலிருந்து நன்றாக விலகியிருந்தால் டர்போவைத் தொடாமல் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

பிரேக்கும் பிக்கப்பும் ஒரே கோளாறாக இருக்கலாம்

இரண்டு புகார்களையும் தனித்தனி வேலையாக எழுதிக்கொள்வது ஒர்க்‌ஷாப் வழக்கம். பல டீசல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கும் (காலின் அழுத்தத்தைக் கூட்டித் தருவது) விஜிடி டர்போவின் (உள் இதழ்களின் கோணம் மாறும் டர்போ) ஆக்சுவேட்டருக்கும் வாக்யூம் கொடுப்பது ஒரே பம்ப். ஒரு குழாயில் விரிசல் விட்டால் டர்போ பிக்கப் போகும், சில நேரம் பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகும். எஞ்சினை அணைத்து பெடலை நாலைந்து முறை மிதித்துக் காலி செய்யுங்கள். பிறகு மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர், செக் வால்வு, குழாய், பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள்.

அதிகம் பேர் பார்க்காத இடம் பிரேக் சுவிட்ச். எலக்ட்ரானிக் ஆக்ஸிலேட்டர் உள்ள பல கார்களில், பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து மிதிபடுவதாக சிக்னல் வந்தால் ஈசியூ பவரைக் குறைத்துவிடும். சுவிட்ச் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாத வண்டி ஸ்பீடு பிரேக்கரில் குலுங்கும்போது ஒரு நொடி பிரேக் விளக்கு எரியும், இழுப்பு போகும். பின்னால் வரும் வண்டியிலிருந்து போனில் வீடியோ எடுத்தால் மாட்டிக்கொள்ளும். பி0504, பி0571 கோடுகள் பதிவாகியிருந்தால் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

மூன்றாவது, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. எஞ்சின் ஒழுங்காகவே இழுக்கும், சக்கரம்தான் சுற்ற மறுக்கும். அன்றாட ஓட்டத்துக்குப் பிறகு ஒரே ஆக்சிலில் இடது, வலது டிஸ்க்குகளின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஒப்பிடுங்கள். சூடான பக்கத்தை ஜாக்கி, ஸ்டாண்டு வைத்துத் தூக்கி, பிடித்திருக்கும் நேரத்திலேயே பிளீடர் ஸ்க்ரூவை (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் பிரஷர் உள்ளே அடைபட்டிருக்கிறது. விடுபடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. பிரஷர் அடைபட்டிருந்தால் பிளீடரை மூடி, மறுபடி பெடலை மிதித்துப் பிடிக்கவைத்து, இந்த முறை ரப்பர் ஹோஸின் மேல்முனை யூனியனைத் தளர்த்துங்கள். இப்போதும் விடாவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். விட்டுவிட்டால் பழுது மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கேயும் சிலிண்டரை மாற்றுவதற்கு முன் அதைத் தள்ளும் புஷ்ராடுக்கு ஃப்ரீ பிளே (சிறு தளர்வு) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடுவது அடுத்த மழைக்காலத்துக்கு வேலை வைக்கும்: பெட்ரோலியம் கிரீஸ் பட்டால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் ஊதிவிடும். சிலிகான் கிரீஸ் மட்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கிலேயே இறங்கிய வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவதும் நடக்கிறது. பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட் சூடேறியிருக்கிறது. பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவி கட்டியிருக்கிறது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் 3.7 சதவீதம் ஏறிய ஆயிலுக்கு 155 வரை அது இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மாஸ்டர் சிலிண்டர் பழுது வேறு மாதிரி: நின்ற வண்டியில் லேசாக, ஒரே அழுத்தமாகப் பெடலை ஒரு நிமிடம் பிடித்தால் மெதுவாக அமிழும், ஆயில் அளவோ குறையாது. பிரேக் பெடல் இறங்கும் வண்டியைச் சாலையில் ஓட்டிச் சோதிக்க வேண்டாம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடந்தால் பெடலைப் பலமுறை மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான்.

ஒயரிங் சோதனையில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் புதுக் கோளாறைக் கொண்டுவரும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுவதால் ஒயர் சரி என்று ஆகாது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 காட்டும். 21 வாட் பல்பை இணைத்து எரியவிட்டுப் பாருங்கள். எர்த்துக்கு, மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் மீட்டர் முனையை முன்பக்கமாகத் திணித்தால் பெண் டெர்மினல் விரிந்துவிடும். அன்றைக்கு ஓடும், பள்ளத்தில் இறங்கும்போது அடுத்த கோளாறாக வரும். பின்பக்கமிருந்து, ஒயரோடு ஒட்டி மெல்லிய முனையை விட வேண்டும்.

ஒரே நாளில் பில்டர், சென்சார், ரெகுலேட்டர் மூன்றையும் மாற்றிவிட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றி, ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே வேகம், அதே லோடு, அதே சூட்டில் ஓட்டிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்த கோளாறு என்றால் மூன்று வாரமாவது வராமல் இருந்த பிறகே வேலை முடிந்ததாக எழுத வேண்டும். அதுவரை கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.