குற்றவியல் சட்டத்தில் எல்.எல்.எம்.: ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கும் முறை

இளங்கலையில் குற்றவியல் சட்டம் படித்தபோது உங்களிடம் பெரும்பாலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: சட்டம் என்ன சொல்கிறது? திருட்டு என்றால் என்னென்ன நிரூபிக்க வேண்டும், எந்தப் பிரிவில் எவ்வளவு தண்டனை, இப்படி. எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை வகுப்பில் இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பார்கள். சட்டம் ஏன் அப்படி இருக்கிறது? அது நியாயமா? இல்லையென்றால் எப்படி மாற வேண்டும், அதை எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள்?

பலர் பழைய பழக்கத்திலேயே முதல் பருவம் முழுக்கக் குறிப்பெடுத்துவிட்டு, ஆய்வேட்டுத் தலைப்பு கொடுக்க வேண்டிய வாரத்தில் திணறுகிறார்கள். ஆரம்பத்திலேயே உங்களுக்கென்று ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, மற்ற பாடங்களையும் அதன் வழியாகவே படித்தால் இந்தத் திணறல் வராது. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

படி 1: எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

எல்.எல்.எம். பட்டத்தால் மட்டும் வழக்காடும் உரிமை கிடைத்துவிடாது. அது அந்தந்த நாட்டின் வழக்கறிஞர் தேர்வு, பதிவு ஆகியவற்றால் வருவது. முதுகலை தருவது ஆழம். அந்த ஆழம் எங்கே வேண்டும் என்பது நீங்கள் போகப்போகும் வேலையைப் பொறுத்தது.

அரசுத் தரப்பு வழக்கறிஞராகவோ எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவோ ஆக நினைப்பவருக்குச் சாட்சியச் சட்டமும் நடைமுறைச் சட்டமும்தான் உயிர். நீதிபதி பதவியை நோக்குபவர் தண்டனை விதிக்கும் கோட்பாடுகளையும் கூடவே ஊன்றிப் படிக்க வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்களில் வேலை வேண்டுமென்றால் பணமோசடி, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டம். ஆசிரியப் பணிக்கும் கொள்கை ஆய்வுக்கும் குற்றவியல் கோட்பாடும் ஆராய்ச்சி முறையும். சர்வதேசத் தீர்ப்பாயங்கள் ஈர்க்கிறதென்றால், 1998-ல் ஏற்கப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனத்தில் தொடங்குங்கள். தி ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அதன்படிதான் இயங்குகிறது.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லையா? பரவாயில்லை, சாட்சியச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எந்த வேலைக்குப் போனாலும் அது வீணாகாது.

படி 2: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

கல்லூரியின் பெயரைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். ஆய்வேட்டுக்கு எவ்வளவு மதிப்பெண்? உங்களுக்குப் பிடித்த துறையில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா? உண்மையான வழக்குகளைத் தொட்டுப் பார்க்க இலவச சட்ட உதவி மையம் போன்ற ஏற்பாடு உண்டா? ஓராண்டுப் படிப்பும் இருக்கிறது, இரண்டாண்டும் இருக்கிறது. ஓராண்டு என்றால் கேள்வியைத் தேட அவகாசம் மிகக் குறைவு. அதனால் சேரும் முன்பே அடுத்த இரண்டு படிகளையும் தொடங்கிவிடுங்கள்.

படி 3: ஒரே ஒரு குற்றத்தை வைத்து அடிப்படையைத் திரும்பப் பாருங்கள்

பழைய பாடப்புத்தகத்தை முதலிலிருந்து படிக்க வேண்டாம். உங்கள் நாட்டுச் சட்டத்தில் கொலைக் குற்றத்தை எடுங்கள். சட்டப்பிரிவின் மூல வாசகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, செயல், குற்ற மனம் (செய்தவரின் குற்ற எண்ணம்), செயலுக்கும் மரணத்துக்கும் உள்ள காரணத் தொடர்பு, விதிவிலக்குகள், நிரூபிக்கும் பொறுப்பு என்று ஒவ்வொன்றும் அந்த வாசகத்தில் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று குறியுங்கள். குற்றவியல் சட்டத்தின் ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் கொலை என்ற ஒரு குற்றத்துக்குள் வந்துவிடும்.

படி 4: ஒரு தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்

சுருக்கக் குறிப்புகளை மூடி வையுங்கள். முழுத் தீர்ப்பு, முதல் பத்தி முதல் கடைசி வரை. பழகிக்கொள்ள நான் எப்போதும் பரிந்துரைப்பது 1935-ல், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வழங்கிய உல்மிங்டன் தீர்ப்பு. சிறியது, ஆனால் விஷயம் நிறைந்தது.

உல்மிங்டன் 21 வயது பண்ணைத் தொழிலாளி. சில மாதங்களுக்கு முன் மணந்த மனைவி வயலெட் அவரை விட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். 1934 டிசம்பரில் உல்மிங்டன் துப்பாக்கியோடு அங்கே போனார். வயலெட் சுடப்பட்டு இறந்தார். திரும்பி வராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று சொல்லத்தான் துப்பாக்கியைக் காட்டினேன், அது தானாக வெடித்துவிட்டது என்றார் கணவர். முதல் விசாரணையில் ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது விசாரணையில் நீதிபதி ஜூரிக்கு இப்படி விளக்கினார்: இவரால்தான் மரணம் நேர்ந்தது என்று நிரூபணமானால், அது விபத்து என்று காட்டும் பொறுப்பு இவருடையது. ஜூரி குற்றவாளி என்றது. மரண தண்டனை. முதல் மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் பிரபுக்கள் அவை தண்டனையை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை என்பது ஆங்கிலேயக் குற்றவியல் சட்டம் நெடுக ஓடும் பொன்னிழை என்று சாங்கி பிரபு எழுதினார்.

சரி, இதை எப்படிக் குறிப்பெடுப்பது? நடந்தது என்ன, கீழ் நீதிமன்றம் என்ன செய்தது, மேல் நீதிமன்றத்தின் முன் நின்ற சட்டக் கேள்வி எது, விடை என்ன, அந்த விடைக்குத் தேவையான காரணம் எது, போகிற போக்கில் சொன்னது எது. இதெல்லாம் இளங்கலையிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். முதுகலை மாணவர் இன்னொன்றும் எழுத வேண்டும்: தீர்ப்பு தனக்கென்று எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது?

உல்மிங்டனில் அந்தக் கதவு பொன்னிழை வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மனநலக் குறைபாடு என்ற வாதத்துக்கும், சட்டமே எழுதி வைக்கும் விதிவிலக்குகளுக்கும் இந்த விதி உட்பட்டது என்கிறார் சாங்கி. அப்படியானால் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்துவிடலாமா? எவ்வளவு தூரம் வைக்கலாம்? ஒரு ஆய்வேடு இங்கேதான் பிறக்கிறது.

படி 5: அந்தக் கதவு வழியாக அடுத்த தீர்ப்புகளுக்குப் போங்கள்

கனடா உச்ச நீதிமன்றத்தின் 1986 ஓக்ஸ் தீர்ப்பைப் பாருங்கள். ஓக்ஸ் என்பவரிடம் ஒவ்வொரு கிராம் கஞ்சா எண்ணெய் கொண்ட 8 குப்பிகளும் 619 டாலர் சொச்சம் பணமும் இருந்தன. போதைப்பொருள் வைத்திருந்தது நிரூபணமானால், விற்கத்தான் வைத்திருந்தார் என்று அன்றைய சட்டம் அனுமானித்தது. அப்படியில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சிறு அளவு வைத்திருப்பதிலிருந்து விற்பனை நோக்கத்தை ஊகிப்பதில் தர்க்கத் தொடர்பே இல்லை என்று நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது.

பிரிட்டனில் 2001-ன் லாம்பர்ட் வழக்கில் பிரபுக்கள் அவை வேறு வழியில் போனது. பிரிவை அடித்துவிடாமல், அதைச் சுருக்கிப் படித்தது. பையில் இருந்தது போதைப்பொருள் என்று தெரியாது என்பவர் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த ஐயத்தை எழுப்பும் அளவுக்குச் சான்று காட்டினால் போதும், பிறகு அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி முறியடிப்பது அரசுத் தரப்பின் வேலை. ஆனால் 2004-ன் ஷெல்ட்ரேக் வழக்கில், குடிபோதையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர், தான் ஓட்டுவதற்கான வாய்ப்பு இல்லை என்று தானே நிரூபிக்க வேண்டும் என்பதை அதே அவை ஏற்றது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் நூர் ஆகா வழக்கில் போதைப்பொருள் சட்டத்தின் தலைகீழ் அனுமானப் பிரிவுகள், அதாவது நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வைக்கும் பிரிவுகள், செல்லும் என்றது. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்று சொல்லி, கைப்பற்றிய பொருளைக் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டைகளையும் கணக்கில் எடுத்து மேல்முறையீட்டாளரை விடுவித்தது.

ஒரே சிக்கலுக்கு நான்கு விடைகள். இவற்றை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். சிறை வாசலில் நிற்கும் ஒரு மனிதர் எதை நிரூபிக்க வேண்டும், எந்த அளவுக்கு என்பதுதான் இந்த வித்தியாசங்களின் உள்ளடக்கம். அதை மறந்துவிட்டால் ஒப்பீட்டுச் சட்டம் வெறும் பட்டியலாகிவிடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: கனடாவின் விடை அந்த நாட்டு உரிமைச் சாசனத்தின் வாசகத்திலிருந்து வந்தது. அதை அப்படியே தூக்கி உங்கள் நாட்டில் வைக்க முடியாது. ஏன் பொருந்தும், ஏன் பொருந்தாது என்று எழுதுவதுதான் உங்கள் பங்களிப்பு.

படி 6: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘போதைப்பொருள் சட்டங்கள்: ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன படிப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ‘வைத்திருந்தது தெரியாது என்று வாதிடுபவர், சான்று காட்டினால் போதுமா, நிரூபிக்க வேண்டுமா? அளவு சிறியதாக இருந்தால் விடை மாற வேண்டுமா?’ இது கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று இரு பக்கமும் வாதாட முடியும். எந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கேள்வி கிடைத்ததும் மற்ற பாடங்களுக்குள் அதைக் கொண்டு போங்கள். தண்டனைக் கோட்பாட்டு வகுப்பில், தவறான தண்டனையின் விலையை யார் சுமக்கிறார்கள் என்று கேளுங்கள். குற்றவியல் ஆய்வு வகுப்பில், போதைப்பொருள் வழக்குகளில் யார் பிடிபடுகிறார்கள் என்று கேளுங்கள்.

படி 7: நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள்

ஜாமீன் மனுக்கள், குறுக்கு விசாரணை, தண்டனை பற்றிய வாதம், இந்த மூன்றையும் நேரில் பாருங்கள். பொறுப்பு யாருடையது என்று புத்தகத்தில் படித்தது, ஒரு சாட்சி தடுமாறும்போது எப்படி இயங்குகிறது என்று அங்கேதான் புரியும்.

அறிவியல் சான்றுகளைப் பற்றியும் கொஞ்சம் படிக்க வேண்டும். 2009-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட அறிக்கை, டி.என்.ஏ. பகுப்பாய்வைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறையும், ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உறுதியாக இணைக்க முடியும் என்று கறாராக நிறுவப்படவில்லை என்றது. நிபுணர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடாத வழக்கறிஞர் எந்தத் தரப்பில் இருந்தாலும் தேவைப்படுகிறார்.

படி 8: எழுதுங்கள், மேற்கோளைச் சரிபாருங்கள்

வாரம் ஒரு பக்கம் போதும். உங்கள் கேள்விக்கு அன்றைக்குத் தோன்றும் விடையையும், அதற்கு எதிரான வலுவான வாதத்தையும் எழுதுங்கள். எதிர்வாதத்தை எதிர்த்தரப்பே படித்து ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மையாக எழுத வேண்டும். தீர்ப்பில் மாறுபட்ட கருத்து எழுதிய நீதிபதி இருந்தால் அவரிடமிருந்து தொடங்குவது நல்லது.

நீங்கள் திறந்து படிக்காத எந்தத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டாதீர்கள். பத்தி எண்ணோடு குறியுங்கள். 2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கித் தந்த வழக்குகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது சிவில் வழக்கு. குற்ற வழக்கில் இப்படி நடந்தால் இழப்பு ஒருவரின் சுதந்திரமாக இருக்கலாம்.

படி 9: ஆய்வேட்டை வேலைக்கான சான்றாக மாற்றுங்கள்

ஆய்வேட்டின் வலுவான அத்தியாயத்தைப் பத்துப் பதினைந்து பக்கத்துக்குச் சுருக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மாதிரி கேட்கும் இடங்களுக்கு அதைத்தான் அனுப்ப வேண்டும். அப்புறம், அதே வாதத்தை மூன்று நிமிடத்தில் வாயால் சொல்லப் பழகுங்கள், சட்டம் படிக்காத ஒருவருக்கும் புரியும்படி.

இறுதி வடிவத்துக்கு முன் அந்த அத்தியாயத்தை இரண்டு பேரிடம் கொடுங்கள்: அரசுத் தரப்பில் வேலை பார்க்கும் ஒருவர், எதிர்த்தரப்பில் வாதாடும் ஒருவர். இருவரும் எந்த இடத்தில் முரண்படுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தப் பத்திகளைத் திருத்தி, பிறகு நெறியாளரிடம் கொண்டு போங்கள்.