வாடிக்கையாளரின் வேர்ட்பிரஸ் தளம்: எதை உடனே புதுப்பிக்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

தளத்தைக் கட்டிக் கொடுத்துப் பணம் வாங்கியதும் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாளில் போன் வந்தது: "சைட்ல ஏதோ இங்கிலீஷ்ல எர்ரர் வருதுங்க." பார்த்தால், ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி 7.4 போய் 8.0 வந்திருக்கிறது. 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய கட்டளையை 8.0-இல் நீக்கிவிட்டார்கள். நான் போட்டிருந்த ஒரு ப்ளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல்) அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையதுதான்.

படி 1: தளத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புகள்), எந்தெந்த ப்ளகின், அது எதற்கு, லைசென்ஸ் யார் பெயரில். எதற்கென்றே தெரியாத ப்ளகின் இருந்தால் அதுதான் முதலில் வெளியேற வேண்டியது.

படி 2: பேக்கப். கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும் வேண்டும். அதே சர்வரில் வைக்காதீர்கள். ஒருமுறையாவது திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

படி 3: ஸ்டேஜிங் நகல், அதாவது சோதித்துப் பார்க்க மட்டும் தளத்தின் தனிப் பிரதி. கூகுள் அதைப் பட்டியலிடாதபடி அடைத்துவிடுங்கள். கடைத் தளமென்றால் மின்னஞ்சலையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் உங்கள் சோதனையில் நிஜ வாடிக்கையாளருக்கு 'ஆர்டர் ரத்து' என்று மடல் போய்ச் சேரும்.

படி 4: புதுப்பிப்புகளைப் பிரியுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வேர்ட்பிரஸில் 6.4-இலிருந்து 6.5 என்பது பெரிய மாற்றம். மூன்றாவது எண் மாறினால்தான் சின்னத் திருத்தம். சின்னவை 2013-இல் வந்த 3.7 முதல் தானாகவே ஏறுகின்றன, அதை அணைக்காதீர்கள். ப்ளகினில் பாதுகாப்பு ஓட்டை அடைத்திருந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். பெரிய பதிப்புக்கு மட்டும் நான் இரண்டு வாரம் விட்டு, ஸ்டேஜிங்கில் போட்டுப் பார்ப்பேன். முகப்பு நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாமல், தொடர்புப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பி, மடல் வருகிறதா என்று பாருங்கள்.

படி 5: பிஎச்பிக்குக் காலண்டர். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பர் 28-இல் முடிந்தது. 8.2-க்கு 2026 டிசம்பர் 31, 8.3-க்கு 2027 டிசம்பர் 31 கடைசி நாள். ஆறு மாதம் முன்பே ஸ்டேஜிங்கில் மாற்றி, டீபக் லாகை (பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவு) இயக்கி எச்சரிக்கைகளைப் படியுங்கள். தீம் கோப்பில் நேரடியாகக் கை வைத்திருந்தால் அந்தத் திருத்தங்களை இப்போதே சைல்ட் தீமுக்கு (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) நகர்த்துங்கள். தீம் புதுப்பித்தால் அந்தத் திருத்தமெல்லாம் அழிந்துவிடும்.

படி 6: ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். எவை இதில் அடங்கும், எவற்றுக்குத் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்தபோது எடிட்டரே மாறிப்போனது; பழைய எடிட்டரைத் திரும்பத் தரும் கிளாசிக் எடிட்டர் ப்ளகினைப் போட்டுச் சமாளித்தவர்கள் பலர். உங்களுக்கு அது ஒரு புதுப்பிப்பு. தினமும் செய்தி ஏற்றும் அலுவலக ஊழியருக்கோ பழகிய திரையே காணாமல் போன மாதிரி. அதனால் திரை மாறும் என்றால் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அப்புறம் வேலை முடிந்த அன்றே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி: எதை மாற்றினேன், எதைத் தொடவில்லை.