பழைய வலைப்பதிவைச் சேமிக்கிறீர்களா? பின்னூட்டங்களை விட்டுவிடாதீர்கள்

இருபது வருடத்துக்கு முன் எழுதிய வலைப்பதிவைத் திறந்தால் முதலில் வருவது கூச்சம்தான். வரிக்கு வரி ஆச்சரியக்குறி, மழை பெய்ததற்கு ஒரு பதிவு, தூக்கம் வராததற்கு இன்னொரு பதிவு. உடனே அழித்துவிடக் கை துறுதுறுக்கும். அழிக்காதீர்கள். வெளியே தெரிய வேண்டாமென்றால் மற்றவர் பார்க்க முடியாதபடி பூட்டி வையுங்கள், போதும்.

நிறையப் பேர் செய்யும் பெரிய தவறு வேறு. பதிவுகளை மட்டும் எடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். என் பதிவொன்றில் இரண்டே வரிதான்: மூன்று நாளாகக் காய்ச்சல், எழுத முடியவில்லை. அதை மட்டும் சேமித்தால் அதில் என்ன இருக்கிறது? உயிர் கீழே, வாசித்தவர்கள் எழுதிய பின்னூட்டங்களில் இருக்கிறது. மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லி ஒருவர் கண்டிக்கிறார். அவரை இன்னொருவர் கிண்டல் செய்கிறார். அப்புறம் இருவரும் காய்ச்சலை மறந்து வேறு எதையோ பேசிக்கொண்டே போகிறார்கள். மறுநாள் விடிந்ததும் முதல் ஆள் திரும்பி வந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்கிறார். அவர்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அந்த நாட்களின் நட்பு முழுக்க அந்தப் பின்னூட்டங்களில்தான் நடந்தது.

சரி, பதிவைத் தரவிறக்கினால் பின்னூட்டமும் கூடவே வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வலைப்பதிவுச் சேவையான பிளாகர் 1999-இல் தொடங்கியது. அதற்கென்று சொந்தப் பின்னூட்ட வசதி வந்தது 2004-இல்தான். அதுவரை ஹாலோஸ்கேன் போன்ற வெளிச் சேவைகளின் நிரல்துண்டை வார்ப்புருவில் (பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் கோப்பில்) ஒட்டித்தான் பின்னூட்டம் வாங்கினோம். பதிவு ஓரிடத்தில், பேச்சு வேறிடத்தில். 2010-இல் ஹாலோஸ்கேன் நின்றபோது, எடுத்து வைக்காதவர்களின் உரையாடல்கள் போனது போனதுதான். லைவ்ஜர்னல் என்ற இன்னொரு வலைப்பதிவுச் சேவையிலும் கவனம் தேவை: அதன் சொந்த ஏற்றுமதி வசதி மாதவாரியாகப் பதிவுகளைத்தான் தரும், பின்னூட்டங்களுக்குத் தனிக் கருவி வேண்டும்.

இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் எல்லாம் இருக்கும் என்று சும்மா இருப்பதும் தவறு. அது 1996 முதல் பக்கங்களைச் சேர்த்து வருகிறது, உண்மைதான். ஆனால் தனிச் சிறு ஜன்னலில் திறந்த பின்னூட்டங்கள் பெரும்பாலும் அதில் சிக்கியிருக்காது. பதிவின் அடியில் "பின்னூட்டங்கள் (14)" என்ற எண் மட்டும் நிற்கும். அழுத்தினால் ஒன்றும் வராது.

படங்களைத் தனியாக எடுங்கள். பதிவுகளைத் தரவிறக்கும்போது பிளாகரோ வேர்ட்பிரஸோ தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் படத்தின் முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. வார்ப்புருவையும் மறக்க வேண்டாம். நாம் தினமும் வாசித்த நண்பர்களின் பட்டியல் அதிலுள்ள ஓரப்பட்டையில்தான் கையால் தட்டச்சிட்டபடி இருக்கும். யார் பெயரை முதலில் போடுவது என்று எவ்வளவு யோசித்திருப்போம்!

மீட்டெடுத்ததை அப்படியே மறுபடி வெளியிடுவதும் வேண்டாம். ஒருவர் தன் மணமுறிவைப் பற்றி உங்கள் பதிவின் கீழ் எழுதியிருப்பார். முப்பது பேர் வாசிக்கிற இடம் என்ற நம்பிக்கையில் எழுதியது அது. இன்று பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்கலாம். அவரைக் கேளுங்கள். கேட்க வழியில்லையென்றால் பெயரை எடுத்துவிடுங்கள்.

பின்னூட்டங்கள் போயே போய்விட்டன என்று முடிவு கட்டுமுன் அந்தக் காலத்து மின்னஞ்சல் பெட்டியை ஒருமுறை துழாவிப் பாருங்கள். அறிவிப்பு வசதியைப் போட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு பின்னூட்டமும் மடலாகவும் வந்திருக்கும். என் காய்ச்சல் பதிவின் பேச்சு எனக்குத் திரும்பக் கிடைத்தது அங்கேதான், தேதியும் நேரமும் மாறாமல்.