ஆசிரியர் பட்டத்துக்குக் கடன் எடுக்கலாமா? முதலில் ஒரு கொப்பி எடுங்கள்

போன மாதம் சித்தி வீட்டுக்கு வந்து, ஒரு சோடி காப்பை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை ரீச்சராகத்தான் வருவன் எண்டு நிக்கிறாள். இதை அடைவு வைச்சுப் படிப்பிக்கலாமோ?" தங்கச்சி கையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கல்விமாணிப் (B.Ed.) பட்டப் படிப்பு விளம்பரம். அன்று இரவு அவளோடு இருந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஏ.எல். முடித்துவிட்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

படி 1: கடன் இல்லாத வழிகள் எவை?

கொப்பியின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள். கோப்பாயில் இருக்கும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றில் படிப்பு மூன்று வருடம்: இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு. கட்டணம் இல்லை. யாழ். பல்கலைக்கழகம் கிடைத்தாலும் கட்டணம் இல்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 ரூபாவானது. தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது காணாது. அந்த மிச்சத்தை வீட்டில் யார் தருகிறார்கள் என்றும் எழுதுங்கள். வெளிநாட்டு மாமா தருவதும் கடன்தான், வட்டி மட்டும் வேறு மாதிரி!

காசு கட்டிப் படிப்பது என்றால், கொக்குவிலில் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகமும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. தனியாரிடம் போகமுதல் மூன்றைப் பாருங்கள்: அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? கடைசியாக வந்த பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் அந்தப் பாடம் இருந்ததா? வயதெல்லைக்குள் வருவீர்களா? இதற்கு "ஓம்" வராவிட்டால் மிச்சக் கணக்கே தேவையில்லை.

படி 2: கடனை மாதத் தவணையாக மாற்றுங்கள்

"ஆறு இலட்சம்" என்று கேட்டால் மனதில் ஒன்றும் பிடிபடாது. மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். ஆறு இலட்சம், 14 வீத வட்டி, ஐந்து வருடம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். கட்டக் கட்டக் குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால் தவணை 13,961 ரூபா. அதே 14 வீதத்தை முழு முதலுக்கும் ஐந்து வருடமும் போட்டால் 17,000 ரூபா. விளம்பரத்தில் இரண்டுக்கும் "14 வீதம்" என்றுதான் இருக்கும். மொத்தத்தில் வித்தியாசம் 1,82,340 ரூபா. ஆகவே வங்கியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வட்டி எத்தனை வீதம் என்பதல்ல, எதற்கு வட்டி என்பதுதான்.

அடைவு இன்னொரு மாதிரி. தவணை கிடையாது என்பதால் லேசாகத் தெரியும். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தால் முதல் அப்படியே நிற்கும், கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். சித்தியின் காப்பு விஷயத்தில் எனக்குப் பயம் இதில்தான்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் உண்டு. வட்டியை அரசு பொறுப்பேற்கிறது. நீங்கள் பார்க்கும் படிப்பு அந்தப் பட்டியலில் இருந்தால், அடைவுக்கு முன் அங்கே விண்ணப்பியுங்கள்.

படி 3: கையில் வரும் சம்பளம்

அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய அரச சம்பள உயர்வு மூன்று கட்டமாக 2027 ஜனவரி வரை போகிறது. ஆகவே எந்த வருடத்து அட்டவணை என்று பார்த்து எழுதுங்கள். அதோடு வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபாவைக் கூட்டுங்கள். அப்புறம் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, காப்புறுதி போன்றவற்றைக் கழியுங்கள். தெரிந்த இளம் ஆசிரியர் ஒருவரிடம் சம்பளச் சிட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. எங்கள் கணக்குக்குக் கையில் 60,000 என்று வைத்தோம்.

ரியூசன் காசை இதில் சேர்க்காதீர்கள். வந்தால் வரட்டும்.

இனி, முதல் நியமனம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். முல்லைத்தீவாக இருக்கலாம், குறிகட்டுவானில் படகேறிப் போகும் நெடுந்தீவாகவும் இருக்கலாம். அறைக்கும் சாப்பாட்டுக்கும் 12,000, போக்குவரத்துக்கு 6,000 கழித்தோம். மிச்சம் 42,000. அதில் 13,961 போனால் மூன்றில் ஒன்று. என் கணக்கில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போனால் கடனைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். இது வங்கி சொல்லும் அளவல்ல, நான் கடன் கட்டிப் படித்துக்கொண்டது.

படி 4: காத்திருக்கும் மாதங்கள்

இந்தக் கணக்கிலேயே பெரிய ஓட்டை இதுதான். பட்டம் வந்த அடுத்த மாதம் நியமனக் கடிதம் வராது. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகப் போராட்டத்தில் இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020இல் பயிலுநர்களாக எடுக்கப்பட்ட பட்டதாரிகளுக்கும் கொடுப்பனவு 20,000 ரூபாதான். அதிலிருந்து 13,961 கட்டிப் பாருங்கள்.

கொப்பியில் இரண்டு திகதி எழுதுங்கள்: முதல் தவணை தொடங்கும் திகதி, சம்பளம் தொடங்கக்கூடிய திகதி. நடுவில் 18 மாதம் என்றால் 2,51,298 ரூபா. அந்தக் காசை யார் கட்டுவது என்று பெயரோடு எழுதுங்கள். "பார்ப்பம்" என்று எழுதக்கூடாது. தங்கச்சி அந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

லண்டன் மச்சான்மார் "இங்கே எல்லாரும் கடனில்தான் படிக்கிறம்" என்பார்கள். உண்மைதான், ஆனால் கடனின் குணம் வேறு. இங்கிலாந்தில் 2023 ஓகஸ்ட் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியவர் வருடம் 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும் பகுதியில் மட்டும் 9 வீதம் கட்டுகிறார். 2025இல் லண்டனுக்கு வெளியே ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் 32,916 பவுண். அதற்கு மாதம் ஏறக்குறைய 59 பவுண். வேலை இல்லையென்றால் ஒன்றுமில்லை, 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. நம்மூர் வங்கித் தவணை உங்களுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்காது.

படி 5: இரண்டு பாதையையும் பக்கத்தில் வையுங்கள்

கல்வியியற் கல்லூரி மூன்று வருடம். நான்கு வருடப் பட்டமும் 18 மாதக் காத்திருப்பும் ஐந்தரை வருடம். இடையில் 30 மாதம். கல்லூரி முடித்த டிப்ளோமா ஆசிரியருக்குக் கையில் 55,000 என்று வைத்தால் அது பதினாறரை இலட்சம். வேலை செய்துகொண்டே பின்னர் கல்விமாணிப் பட்டம் படிக்கவும் வழியுண்டு. ஆனால் கல்லூரிக்கான ஆட்சேர்ப்பும் இழுபடுவதுண்டு. அந்த மாதங்களையும் ஒழுங்காகக் கழியுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்த பாதைக்கே கணக்கு வளையும். நான் முதல்தரம் போட்டபோது அதைத்தான் செய்தேன், தங்கச்சிதான் பிடித்தாள்.

இப்போது அவள் அதே கணக்கைக் காத்திருப்பு 30 மாதம் என்று வைத்துத் திருப்பிப் போடுகிறாள். காப்பு இன்னும் சித்தியின் அலுமாரியில்தான் இருக்கிறது.